எட்டுக் கனோப்பிகளும் ஒரு பொய்யும்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு கிறிஸ்டின் தன் அப்பாவின் பெயரைப் பார்க்கக் கூடாத இடத்தில் பார்த்துவிட்டாள்.

அந்த இடம் அவளுடைய கைப்பேசிதான். 'கைகொடு ஜொகூர்' என்ற முகநூல் குழுவை இதுவரை தொடர்ந்து படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செடெனாக் ஊரில் ரவிக்கை தைக்கும் புஷ்பவள்ளி ஆரம்பித்தது. கரிபாப் பலகாரம் விற்பவர், கார் கழுவுபவர், பூ கட்டுபவர் என்று சின்னதாகத் தொழில் செய்கிற மூவாயிரத்துச் சொச்சம் பேர் அதில் இருக்கிறார்கள். லைசென்ஸ் எப்படி எடுப்பது என்பதில் தொடங்கி, வாடிக்கையாளர் வைதால் அழாமல் இருப்பது எப்படி என்பது வரை கேட்பார்கள். யாராவது ஒருவர் பதில் சொல்லிவிடுவார்.

தொழிற்சாலை வேலை போன பிறகு கிறிஸ்டின் வீட்டில் கேக் செய்ய ஆரம்பித்தாளே, அந்த நாட்களில் அவளுடைய அடுப்பு பழுதாகிப்போனது. அப்போது தன் வீட்டு அடுப்பில் வந்து சுட்டுக்கொள்ளச் சொன்னவள் இந்தக் குழுவில் இருந்த முகம் தெரியாத ஒருத்தி. அந்த நன்றியில்தான், போன ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளி "நீயும் என்கூட நிர்வாகியா இரேன்" என்று கேட்டபோது அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் ஒழுங்காகச் செய்து காட்டிவிட்டு வீட்டில் சொல்லலாம் என்று இருந்தாள்.

வீட்டில் சொல்லாததுதான் இன்றைக்கு வினையாகிவிட்டது.

குழுவில் ஒரு வசதி உண்டு. வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள் பெயரை மறைத்துக் கேட்கலாம். மற்றவர்களுக்கு 'பெயரில்லா உறுப்பினர்' என்று மட்டும் தெரியும். நிர்வாகிக்கு மட்டும் கீழே சின்ன எழுத்தில் உண்மைப் பெயர் தெரியும். நிர்வாகி படித்து அனுமதித்தால்தான் பதிவு வெளியே போகும்.

இன்று காலை அனுமதிக்காகக் காத்திருந்த பதிவின் கீழே இருந்த பெயர், மரியநாதன் சவரிமுத்து. பக்கத்தில் படம். அவர்கள் வீட்டு லோரி.

மரியநாதனுக்குத் தட்டச்சு வராது. கைப்பேசியிடம் பேசுவார், அது எழுதிக்கொள்ளும். அதனால் படிக்கப் படிக்க அவர் குரலே கேட்டது.

"வணக்கம். பேர் வேண்டாம். இருபத்தாறு வருசமா கனோப்பி, அதான் இரும்புக் கால் வச்ச கன்வாஸ் பந்தல், வாடகைக்கு விடுறேன். எட்டு கனோப்பி, முந்நூறு நாற்காலி, நாப்பது மேசை. கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் போடுவேன். இப்ப வலது தோள் தூக்க மாட்டேங்குது. கூட இருந்த ஆளும் பேக்டரி வேலைக்குப் போயிட்டான். போன வாரத்துக்கு முந்தி ஒரு சாவு வீட்டுல கேட்டாங்க. எல்லாம் குளுவாங் டவுன்ல ஒரு விசேசத்துல நிக்குதுனு சொல்லிட்டேன். பொய். எட்டும் ஸ்டோர்லதான் இருந்துச்சு. அவங்க வெயில்ல நின்னாங்களாம். சாவு வீட்டுக்கு இல்லைனு நான் சொன்னதே இல்லை. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கார். கொடுக்கிறது சரியா தப்பா. வீட்டுல கேக்க முடியாது. அதான் இங்க கேக்கிறேன்."

கிறிஸ்டின் இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை.

எந்தச் சாவு வீடு என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தாமான் குடியிருப்பில் இருந்த அங்கம்மா. சனிக்கிழமை மாலை தவறிப்போனார், ஞாயிறு மதியம் எடுத்தார்கள். அம்மா செசிலியா போய்விட்டு வந்து, சேலையெல்லாம் வியர்வையோடு சோபாவில் சாய்ந்தபடி சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"பாவம்டி, தலைக்கு மேல ஒன்னும் இல்ல. வயசானவங்க எல்லாம் எதிர் வீட்டு கார் போர்ச்சுல ஒண்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு ஆளு, மரியநாதன் கூட கைவிட்டுட்டாரேனு சொன்னான். நான் விடுவேனா? எங்க வீட்டுக்காரர்கிட்ட கனோப்பி இருந்திருந்தா நீங்க கேக்கிறதுக்கு முன்னாடியே கொண்டாந்து போட்டிருப்பார், அவரைப் பத்தி இப்படிப் பேசாதீங்கனு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அப்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். களைப்பு என்று கிறிஸ்டின் நினைத்துக்கொண்டாள். நினைத்துப் பார்த்தால் ஒரு மாதமாகவே அவர் இடது கையால்தான் தேநீர் கலக்குகிறார். முகச்சவரம் ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காத தன்மேல் அவளுக்குக் கோபமாக வந்தது.

நேரே வீட்டின் பின்பக்கம் ஸ்டோருக்குப் போய் அப்பாவிடம் "என்னப்பா இது" என்று கேட்டுவிடலாம். ஆனால் புஷ்பவள்ளி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்த ஒரே விதி அதுதான். பெயர் தெரிந்தாலும் தெரியாது. ஒருமுறை ஒரு நிர்வாகி வாய்தவறி ஒருத்தர் பெயரைச் சொல்லப்போய், ஆறு மாதம் யாருமே மனம் விட்டு எழுதவில்லையாம்.

அவள் புஷ்பவள்ளியை அழைத்தாள். தையல் மெஷின் சத்தம் கேட்டு, நின்றது.

"அக்கா, பேர் மறைச்ச பதிவு ஒன்னு வந்திருக்கு. எழுதினவர் எனக்கு ரொம்பத் தெரிஞ்சவர்."

"ஜொகூர்ல யாருக்கு யாரைத் தெரியாதுலா? உள்ளே வம்பு ஏதும் இருக்கா?"

"வம்பு இல்ல. ஆனா எங்க ஊர்க்காரங்க படிச்சா யாருனு கண்டுபிடிச்சிருவாங்க. நம்மால அதைத் திருத்தவும் முடியாது. ஒன்னு விடணும், இல்ல திருப்பி அனுப்பணும்."

"திருப்பி அனுப்பினா அவர் இன்னொரு தடவை கேப்பாரா?"

கிறிஸ்டின் யோசித்துப் பார்த்தாள். அப்பா வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டவர் இல்லை.

"கேக்க மாட்டாரு."

"அப்ப என்ன? மனுசன் பதில் கேட்டிருக்கார். கண்டுபிடிச்சா கண்டுபிடிச்சிட்டுப் போறாங்க. உனக்குக் கஷ்டமா இருந்தா என்கிட்ட விட்டுரு, நான் பாத்துக்கிறேன். ஆனா ஒன்னு கிறிஸ்டின், நேர்ல போய் அவர்கிட்ட கேக்காத. அவரா சொன்னா கேட்டுக்க. பேரை மறைக்கிறவர் நம்மளை நம்பித்தான் மறைக்கிறார்."

"நானே விடுறேன்க்கா."

பத்து இருபதுக்கு அனுமதி கொடுத்தாள். கொடுத்துவிட்டு, மாலை அனுப்ப வேண்டிய கேக்குக்கு முட்டை உடைத்தாள். ஒன்றின் ஓடு உள்ளே விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கைப்பேசியைப் பார்த்தாள்.

முதல் அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்த முதல் பதிலே தேளாகக் கொட்டியது.

"சாவு வீட்டுல பொய் சொல்றவர் தொழிலை விட்டுப் போறதே நல்லது."

அழித்துவிட அவளுக்கு விரல் துடித்தது. ஏசியிருந்தால் அழிக்கலாம், கருத்துச் சொன்னால் அழிக்கக் கூடாது என்பது குழு வழக்கம். இது ஏசலா கருத்தா? மகளுக்கு ஏசல்தான். நிர்வாகிக்கு? பல்லைக் கடித்துக்கொண்டு மாவைக் கலக்கினாள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, மெர்சிங்கில் கனோப்பித் தொழில் செய்யும் ரூபேந்திரன் என்பவர் அந்த ஆளுக்குப் பதில் போட்டிருந்தார்.

"தம்பி, நீங்க ஒரு தடவை இரும்புக் காலைத் தூக்கி நிறுத்திட்டு வந்து பேசுங்க. அண்ணே, எனக்கு முதுகு போயி ஏழு வருசம் ஆச்சு. இப்ப நான் ஒரு கம்பியும் தூக்குறதில்ல. இடம் பாப்பேன், அளவு சொல்வேன், எந்தப் பக்கம் மழைத்தண்ணி வடியும்னு சொல்வேன். தூக்குறதுக்குத்தான் ஆள். தூக்கினாத்தான் முதலாளினு யாரு சொன்னா? விக்காதீங்க."

அதன் பிறகு மளமளவென்று வந்தன. கூலாயில் பிசியோதெரபி நிலையம் வைத்திருக்கும் மலர், தோளை முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னார். பலருக்குப் பயிற்சியிலேயே சரியாகிவிடும், நீங்களாக வலி மாத்திரை போட்டு நாளைக் கடத்தாதீர்கள் என்று எழுதினார். இன்னொருவர் கனோப்பிக்காரர்களுக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கலாமே என்றார். ஆள் இருக்கிறவர் ஆளைக் கொடுக்கட்டும், கனோப்பி இருக்கிறவர் கனோப்பியைக் கொடுக்கட்டும். மதியத்துக்குள் ஆறு பேர் கை தூக்கிவிட்டார்கள். 'இத்தனை நாள் இது நமக்கு ஏன் தோணலை' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அந்த ஆறு பேரையும் வரிசையாகக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது கிறிஸ்டினுக்கு. அப்பா கண்ணில் பட்டுவிடும் என்பதால் ஒரு விருப்பக் குறி கூடப் போட முடியாத நிலைமை.

பள்ளிக் கேன்டீன் வேலை முடிந்து ஒரு மணிக்கு செசிலியா வந்தாள். மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மரியநாதன் மேசைக்கு அடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, போனை வைங்க. சோறு ஆறுது."

"ம்."

"அப்படி என்னத்த பாக்கிறீங்க? சின்னப் பிள்ளைங்க மாதிரி."

"சும்மாதான். ஊர்ச் செய்தி."

கிறிஸ்டின் ரசத்தை மட்டும் பார்த்தாள். அப்பாவின் வாய் மெல்ல அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறார் என்று தெரிந்தது.

"நாளைக்குக் காலையில ஒரு ஆள் வரார்" என்றார் மரியநாதன் திடீரென்று.

"யாரு?"

"கனோப்பி பாக்க."

"கல்யாணமா?" என்று கேட்டாள் செசிலியா. அவர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். "கல்யாணம்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. அங்கம்மா வீட்டுல நடந்தது மாதிரி ஆயிடக் கூடாது. இன்னைக்குக் கேன்டீன்ல கூட ராஜம்மா அதையே கேக்கிறா. குளுவாங்ல அப்படி என்ன பெரிய விசேசம், எட்டு கனோப்பியும் போட்டிருந்தாங்கனு. நான் என்னத்த சொல்ல? யாரோ பெரிய ஆள் வீட்டுக் கல்யாணம்னு சொன்னேன்."

மரியநாதன் எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. கை கழுவும்போது இடது கையால் குழாயைத் திருகினார். பின்பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு இவருக்கு?" என்றாள் செசிலியா.

"தெரியலம்மா."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல கிறிஸ்டின் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அப்பா சொன்ன பொய்க்கு அம்மா காவல் நிற்கிறாள். அந்தக் காவலைப் பார்த்துக்கொண்டு தான் வேறு ஒரு பொய் சொல்கிறாள். ஒரு சாப்பாட்டு மேசைக்கு இது அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணி வரை அப்பா அந்தப் பதிவில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அத்தனை பேர் 'விக்காதீங்க' என்று சொல்லியும் அசைவில்லை. அப்போதுதான் கிறிஸ்டினுக்கு ஒன்று புரிந்தது. அவருக்குத் தோளைப் பற்றிய யோசனை தேவைப்படவில்லை. ஆள் கிடைப்பதும் அவருடைய பிரச்சினை இல்லை. வெயிலில் நின்ற அந்த வீடுதான் அவரை விற்கச் சொல்கிறது. அதற்கு ரூபேந்திரன் என்ன பதில் சொல்ல முடியும், மலர் என்ன பதில் சொல்ல முடியும்?

நான்கு மணிக்கு, கேக்கைப் பெட்டியில் வைத்து மூடும்போது, புதிதாக ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் அவள் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பிரவீனா. அங்கம்மாவின் மகள். வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவள். அவளும் இந்தக் குழுவில்தான் இருக்கிறாள் என்பது எப்படி மறந்துபோனது? பயத்தோடுதான் படிக்க ஆரம்பித்தாள்.

"இதை எழுதினது யாருனு நான் கேக்கப் போறதில்ல. ஆனா வெயில்ல நின்ன வீடு எங்க வீடுதான்னு நினைக்கிறேன். அன்னைக்குக் கோவம் வந்தது உண்மை. இல்லைனு சொல்ல மாட்டேன். இன்னைக்கு இதைப் படிச்சதும் அழுதேன். எங்கம்மாவுக்கும் கடைசி ரெண்டு வருசம் கை தூக்க முடியாது. யார்கிட்டயும் சொல்லாம ஒத்தக் கையில முறுக்குப் பிழிஞ்சாங்க. ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் பதினாறாம் நாள். எங்களுக்கு ரெண்டு கனோப்பி வேணும். தூக்க எங்க வீட்டுல அஞ்சு பேர் இருக்காங்க. எந்தக் கால் எங்க நிக்கணும்னு சொல்றதுக்கு மட்டும் ஒருத்தர் வரணும்."

கிறிஸ்டின் சேலை கட்டும் பழக்கம் இல்லாதவள், துடைக்க முந்தானை இல்லை. மேசைத் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். விதியை மீறப் போகவில்லை. அப்பாவுக்குத் தேநீர் கொடுக்கக் கூடாது என்று எந்தக் குழுவிலும் விதி இல்லை.

ஸ்டோரில் இரும்புக் கால்கள் சுவர் ஓரமாக அடுக்கியிருந்தன. மடித்த கன்வாஸ்கள் எட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக. மரியநாதன் அவற்றின்மேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"டீப்பா."

"வை."

அவள் பக்கத்தில் இருந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே நின்ற லோரியின் கதவில் பெயிண்டில் எழுதிய தொலைபேசி எண்ணில் ஒரு இலக்கம் உரிந்துபோயிருந்தது. அதை நாளைக்கே சரி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கிறிஸ்டின்."

"என்னப்பா?"

"நீ முன்னாடி குடும்ப வாட்ஸ்அப்ல ஒரு லிங்க் அனுப்பினியே, கைகொடுனு ஏதோ குழு."

"ஆமாப்பா."

"அதுல பேர் போடாம எழுதினா யாருக்கும் தெரியாதுல்ல?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக இல்லை. தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும் என்று சொன்னால் அப்பா தலை குனிந்துவிடுவார்.

"குழுவுல இருக்கிறவங்களுக்குத் தெரியாதுப்பா. நிர்வாகிக்கு மட்டும் தெரியும்."

"நிர்வாகி யாரோ செடெனாக்காரம்மா தானே? புஷ்பவள்ளினு போட்டிருந்துச்சு. அதனாலதான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"அவங்கதான். ஞாயித்துக்கிழமையில இருந்து இன்னொருத்தரும் இருக்காங்க."

மரியநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவளும் பார்வையை எடுக்கவில்லை. யார் அந்த இன்னொருத்தர் என்று அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் முதலில் வந்தது வெட்கம், அதற்குப் பின்னால் வந்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மூட்டை இறக்கியவர்கள் முகத்தில் அது இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை எனக்குக் கேக் ஆர்டர் ஒன்னும் இல்லப்பா" என்றாள் கிறிஸ்டின். "கன்வாஸ் பிடிக்க ஆள் வேணும்னா நான் வரேன்."

அவர் இடது கையை நீட்டி அவள் தலையில் வைத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு அந்த ஆளு லோரியோட வந்துருவானேம்மா. வாக்குக் கொடுத்துட்டேனே. அவனும் என்னை நம்பி ரெண்டு விசேசத்துக்கு ஒத்துக்கிட்டானாம்."

"ஒன்பது மணிக்கு இன்னும் நேரம் இருக்குப்பா."

அப்போதுதான் பின்கதவு திறந்தது. செசிலியா ஈரத் துணி வாளியோடு நின்றாள். சாயங்கால வெயில் அவள் முகத்தில் அடித்தது.

"அப்பனும் மகளும் இங்க என்ன ரகசியம் பேசுறீங்க? ஞாயித்துக்கிழமை என்ன?"

செசிலியா வாளியைக் கீழே வைத்தாள். கணவரின் சிவந்த கண்ணைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி கணவரைப் பார்த்தாள்.

"ஏங்க? என்னனு சொல்லுங்க."

கிறிஸ்டின் எழுந்து உள்ளே போய்விடலாமா என்று நினைத்தாள். மரியநாதன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு, அந்தச் சிவப்பு நாற்காலியை இடது கையால் இழுத்து, மனைவிக்கு நிழல் இருந்த பக்கமாகப் போட்டார்.

"இப்படி உட்காரு செசிலி. அன்னைக்கு நீ வெயில்ல நின்னது என்னாலதான்."